டீச்சரின் கிட்டார் பெட்டியும் பதினேழு மிஸ்டு காலும்

வீட்டில் நாலு நாளாக இருமிக்கொண்டிருந்த ஆம்ப்ளிபயர், ரிப்பேர் கடைப் படியேறியதும் ஒழுங்காகப் பாடும். எங்கள் தொழிலின் முதல் விதி இது.

நீங்களும் மிக்சியையோ டிவியையோ தூக்கிக்கொண்டு போய், கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டதும் அது ஓட, "வீட்ல ஓடலண்ணே, சத்தியமா ஓடல" என்று அசடு வழிந்திருப்பீர்கள். உங்கள் எதிரே உட்கார்ந்து தலையைச் சொறிந்தவனுக்கும் அதே அவஸ்தைதான். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சந்துக்குள் இருபத்தெட்டு வருடமாக ஒலிபெருக்கி ரிப்பேர் பார்க்கிறேன். பயந்த சுபாவம். கடையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். முக்கு வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பேன். ரிப்பேர் முடிந்து சாமான் வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில் போன் செய்து "பாடுதா?" என்று கேட்பேன். மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மூன்றாம் நாளும் கேட்பேன். என்னைப் போல நீங்களும் கேஸ் அடுப்பை மூடினோமா என்று பஸ்ஸில் போகும்போது யோசிக்கிற ஜாதி என்றால், மேலே படியுங்கள்.

பக்கத்துக் கடை சிக்கந்தர் பாய் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுவில் யாராவது பேசினால் கணக்குப் போய்விடும், மறுபடி அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். அதற்காக வாசலில் 'எண்ணிக்கொண்டிருக்கிறேன்' என்று ஓர் அட்டை தொங்கவிட்டிருப்பார். அட்டை தொங்கும்போது போலீஸே வந்தாலும் வெளியில் நிற்க வேண்டும். என் போன் வழக்கத்தைப் பற்றி அவர் ஒருநாள் சொன்னது: "முருகேசு, நீ ரிப்பேர் பண்ணுன பெட்டி கெட்டுப்போறதில்லப்பா, அவங்க போன்தான் சார்ஜ் தீந்து போகுது."

பெட்ஷீட்டில் சுற்றிய பெட்டி

ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். கொடைக்கானலில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் கிட்டார் ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி, ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் வால்வு பெட்டி. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நின்று, சூடானதும் ஆரஞ்சு நிறத்தில் கனியும். அழகான சாமான். ஆனால் வால்வு பெட்டிக்குள் நானூறு வோல்ட் ஓடும், ஸ்விட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கணக்கு டீச்சர் அல்லவா, பழுதைப் படிப்படியாகச் சொன்னார். முதலில் கரகரவென்று ஒரு சத்தம். இருபது நிமிடம் போனதும் பாட்டு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி உள்வாங்கிவிடும். இந்த இரண்டும் இல்லாத நேரத்திலும் ஓர் உறுமல் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு பிளக்கைச் சொருகினேன். முக்கால் மணி நேரம் வாசித்தார். கரகரப்பு இல்லை, உள்வாங்கல் இல்லை, உறுமல் இல்லை. டீச்சர் முகம் சிவந்துவிட்டது.

"என் மானத்த வாங்கணும்னே பண்ணுதுண்ணே. எங்க ஒம்போதாம் வகுப்புப் பயலுகளும் ஹெச்.எம். வந்தா இப்படித்தான் கைகட்டி உக்காந்திருப்பானுக."

இடது கை பாக்கெட்டில்

பல வருடம் முன்பு ஒரு பழைய ரேடியோவைத் திறந்தபோது இரண்டு கையையும் உள்ளே விட்டு, கரண்டு ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கியது. பெஞ்சுக்குப் பின்னால் போய் விழுந்தேன். அன்றிலிருந்து கரண்டு ஓடும் பெட்டியைத் தொடும்போது இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். வலது கை மட்டும் வேலை செய்யும். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ ஸ்டைலாக நிற்கிற மாதிரி இருக்குமாம்.

டீச்சர் பெட்டியை அப்படித்தான் திறந்தேன். வால்வைத் தட்டிப் பார்க்க என்னிடம் பெரிய கருவியெல்லாம் கிடையாது. குச்சி ஐஸ் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் காய வைத்த குச்சிதான். ஒவ்வொரு வால்வாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்றாவதைத் தட்டியதும் ஸ்பீக்கரில் கோயில் மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். கரகரப்புக்குக் காரணம் அகப்பட்டது. அந்த வால்வை மாற்றி, சாக்கெட்டுகளைத் துடைத்ததும் அடங்கிவிட்டது.

அப்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மெயின் வயர் உள்ளே நுழைகிற இடத்தில், வயருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். பழைய அமெரிக்கப் பெட்டிகளில் இரண்டு முள் பிளக்குதான் வரும், எர்த் கிடையாது. உறுமலைக் குறைக்க இதை வைத்திருப்பார்கள். இது கெட்டுப்போனால் மெயின் கரண்டு நேராக இரும்புக்கு வந்துவிடும். இரும்புக்கு வந்தால் கிட்டார் கம்பிக்கும் வந்துவிடும். அந்த ஊர் மெக்கானிக்குகள் இதற்குச் சாவு கெப்பாசிட்டர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். டீச்சர் பெட்டியில் யாரோ டிரான்ஸ்பார்மரை நம் ஊர்க் கரண்டுக்கு மாற்றி, மூன்று முள் பிளக்கும் போட்டுவிட்டு, இதை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். அவர்கள் ஊர்க் கரண்டுக்குச் செய்த சாமான், நம் ஊரில் இரண்டு மடங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. எர்த் இருக்கும்வரை பயமில்லை, இது வெடித்தாலும் கரண்டு எர்த்தில் போய் ஃபியூஸ் எரியும். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கடைசியில் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் மறந்துவிட்டேன்.

அன்று எண்ணும் வேலை இல்லாததால் பாய் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கையையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒத்தக் கைக்குத்தான் பயம் இருக்கு போல. மத்தக் கைக்கும் கொஞ்சம் சொல்லி வையி, அதுதான்பா தப்பு பண்ணும்."

இருபது நிமிடம்

பாட்டு உள்வாங்குகிற பழுதைப் பிடிக்க, டீச்சர் மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து வாசித்தார். ஒரே பாட்டு. சந்து முக்கு டீக்கடையில் நிற்கிறவர்களுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. பத்தொன்பதாவது நிமிடத்தில் எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இருபது ஆகும். இருபத்தைந்து ஆகும். பெட்டி கணீரென்று பாடிக்கொண்டே இருக்கும். நல்லபடி ஓடுகிற சாமானைப் பார்த்து இப்படி நொந்துபோகிறவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கடையில் என் பெஞ்சுக்கு மேல் இரண்டு ஃபேன். டீச்சர் வீட்டில் பெட்டி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், காற்றுப் புகாத மூலையில். இரண்டு ஃபேனையும் அணைத்து, அதே பெட்ஷீட்டால் பெட்டியின் முதுகை மூடினேன். டீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். டீக்கடைக் கூட்டம் வாசலில். பதினெட்டாவது நிமிடம் சத்தம் மெல்ல இறங்கி, இறங்கி, கிணற்றுக்குள் போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே ஒரு வால்வு சாக்கெட்டின் அடியில் பற்ற வைத்த ஈயம் மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். பெட்டியை வாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கும்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற்றினார்களாம், அப்போது இறக்கிவிட்டவர் கடைசி அரையடியைக் கையை விட்டுவிட்டாராம். பற்ற வைத்துக் கொடுத்தேன்.

டீ மாஸ்டர் கிளாசுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "பாட்டு நின்னதுக்குக் கைதட்டுற சபைய இப்பத்தாண்ணே பாக்குறேன்."

ஒன்பது பெட்டிக்காரர்

கருப்பையாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அய்யலூர்க்காரர், சொந்தமாக மைக் செட் வைத்திருக்கிறார். ஆட்டுச் சந்தையில் அறிவிப்புச் சொல்ல, கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அவருடைய ஒன்பது ஆம்ப்ளிபயர்களில் எதிலும் பிளக்கில் மூன்றாவது முள் இருக்காது. பாதிப் பெட்டிகளில் பிளக்கே இருக்காது. இரண்டு வயரையும் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியைச் சொருகிவிடுவார். இது அவர் ஒருவர் பழக்கம் என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கத்து மைக் செட்டுக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான், பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். போகிற ஊரிலெல்லாம் எர்த் கெட்டுக் கிடக்கும், அதைச் சேர்த்தால் குழாயில் உறுமல் வரும், உறுமினால் விசேஷ வீட்டில் திட்டு விழும். அதனால் எர்த்தைக் கழற்றிவிடுவார்கள், உறுமல் போய்விடும்.

ஒருநாள் பல்லி விழுந்து கருகிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நான் டீச்சரின் உறுமலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கடையில் உறுமவில்லை, வீட்டுக்குப் போனால் உறுமுகிறது, வடிகட்டுகிற கெப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றியும் போகவில்லை என்றேன். கருப்பையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இம்புட்டுப் படிச்சிருக்கீக, இதுக்குப் போயா மண்டைய ஒடைக்கிறீக? எர்த்த உருவி விடுங்கண்ணே, பொட்டிப் பாம்பா அடங்கிரும்."

நிம்மதியாகக் குடித்த டீ

டீச்சர் வீடு கரூர் ரோட்டுப் பக்கம். ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். பெட்டியைப் போட்டதும் உறுமல் வீட்டையே நிறைத்தது. பிளக் பாயின்ட்டைத் திறந்து பார்த்தேன். அந்த வீட்டு எர்த் வயரும் போர் மோட்டார் எர்த்தும் ஒன்று. மோட்டாரில் கசிகிற கரண்டெல்லாம் பெட்டிக்குள் வந்து உறுமிக்கொண்டிருந்தது. தனியாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த் இழுப்பதுதான் சரியான வேலை. அதற்கு ஆள் வர வேண்டும், பத்து நாளாகும். டீச்சரின் கணவர் பிரான்சிஸ் நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர், தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்க்ரூ டிரைவர் என் கையில் இருந்தது. கருப்பையா சொன்னது காதில் இருந்தது. பத்து நாளைக்குத்தானே, எர்த் இழுத்ததும் மாட்டிவிடலாம் என்று பிளக்கைத் திறந்து பச்சை வயரைக் கழற்றி, டேப் சுற்றி மூடிவிட்டேன். உறுமல் சட்டென்று நின்றது. வீட்டில் கடிகார முள் நகர்கிற சத்தம் கேட்டது. டீச்சர் ஒரு தந்தியை மீட்டினார், அந்தச் சத்தம் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். டீச்சர் டீ போட்டுக் கொடுத்தார், இரண்டாவது கிளாசும் வாங்கிக் குடித்தேன். அன்று மதியம் "பாடுதா?" என்று போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. கடைப் பூட்டைக்கூட ஒரே தடவைதான் இழுத்துப் பார்த்தேன்.

பிரான்சிஸ் தலையணையை எடுத்துவிட்டுச் சொன்னது: "இப்பத்தாண்ணே வீடு வீடா இருக்கு."

சுருக்கென்று ஒன்று

அடுத்த சனிக்கிழமை மதியம் இரண்டே கால் மணிக்கு டீச்சரே கூப்பிட்டார். குரலில் உற்சாகம். கன்னிவாடியில் அந்தோணியார் கோயில் திருவிழா, சாயங்காலம் சப்பரம் கிளம்புவதற்கு முன்னால் நாலு மணிக்கு டீச்சர் குழுவின் பாட்டு, பெட்டியை வேனில் ஏற்றியாகிவிட்டது என்றார். வாழ்த்துச் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணுண்ணே, நேத்து வீட்ல பாடிப் பாக்கையில மைக்ல உதடு பட்டா சுருக்குன்னு இழுக்குது. பனிக் காலம்ல, உதடு வெடிச்சிருக்கு, அதான் போல" என்றார். நான் "சரி டீச்சர்" என்றேன். போனை வைத்தார்.

சரி டீச்சர் என்றுதான் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் பழுப்பு நிறத்தில் அந்தக் குட்டிக் கெப்பாசிட்டர் கண் முன்னால் வந்தது. கழற்றவே இல்லை. எர்த்தும் இல்லை. கிட்டாரைப் பிடித்திருக்கிற கையில் கரண்டு ஏறி, மைக்கைத் தொடுகிற உதட்டில் இறங்குகிறது. இப்போது சுருக்கென்றுதான் இழுக்கிறது. அது முழுசாக உடைந்தால் இழுக்காது, பிடித்துக்கொள்ளும். போன் போட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. திருவிழாவுக்குக் குழாய் கட்டியது கருப்பையாதான் என்று தெரியும், அவருக்குப் போட்டேன். எடுத்தார். அவர் தலைக்கு மேல் அவருடைய குழாயே அலறிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, சவுண்டு ஓடுது, ஒண்ணும் கேக்கல. அம்புட்டையும் முடிச்சிட்டு நானே கூப்புடுறேன்."

எண்ணிக்கொண்டிருக்கிறேன்

பாய் கடை வாசலில் அட்டை தொங்கியது. உள்ளே நுழைந்தேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. பாய் விரல்கள் கம்பியில், உதடு எண்களில். நிமிர்ந்து திட்டப்போனவர் என் முகத்தைப் பார்த்ததும் கம்பியைக் கீழே விட்டார். "பாய், எர்த்த நாந்தான் புடுங்குனேன்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவருக்கு அது போதும். பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் தொங்குகிற டெஸ்ட் விளக்கையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு என் பைக்கின் பின்னால் ஏறினார். பழனி ரோட்டில் ஒட்டன்சத்திரம் போகிற லாரிகள் வழி விடவில்லை. பாய் பின்னால் உட்கார்ந்து என் போனிலிருந்து டீச்சருக்குப் போட்டுக்கொண்டே வந்தார். ரெட்டியார்சத்திரத்தில் திரும்பும்போது மணி மூன்றே கால். வழியெல்லாம் எனக்குத் தெரிந்த சாமி அத்தனைக்கும் வேண்டிக்கொண்டேன், அந்தோணியாருக்கும் சேர்த்து.

கோயில் முன்னால் திடல். புழுதி அடங்கட்டும் என்று பெண்கள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள், மண் சொதசொதவென்று இருந்தது. சப்பரத்துக்கு எதிரில் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். டீச்சர் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். மைக் இரும்புக் கம்பத்தில், கம்பம் மண்ணில். கருப்பையா பிளக்கைக் கழற்றிவிட்டு, தன் வழக்கப்படி தீக்குச்சி வைத்து வயரைச் சொருகி, பெட்டியை ஏற்கனவே போட்டிருந்தார், சிவப்பு விளக்கு தெரிந்தது. நான் கூப்பிட்டேன், குழாய்ச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தேன். தீக்குச்சி பறந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. டீச்சர் இன்னும் கிட்டார் கம்பியில் கை வைத்திருக்கவில்லை.

கருப்பையா ஓடி வந்து "என்னண்ணே இது, சபையில வந்து" என்று கோபப்பட்டார். பாய் டீச்சர் தோளிலிருந்து கிட்டாரைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்து, டெஸ்ட் விளக்கின் ஒரு வயரைத் தந்தியிலும் மற்றதை மைக் கம்பத்திலும் மாட்டிவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் வயரைத் திரும்பச் சொருகினேன். பல்பு எரிந்தது. மங்கலாக இல்லை, வீட்டில் எரிகிற மாதிரி எரிந்தது. வேனில் வந்த குலுக்கலில் அந்தக் குட்டிச் சனியன் முழுசாகவே உடைந்திருந்தது. கருப்பையா அந்த பல்பையே பார்த்தார். அப்புறம் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, எம்பொட்டி ஒம்போதுலயும் முள்ளு இல்லையேண்ணே."

சுருதி

நாலு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. பெட்டியின் முதுகைத் திறந்து, உள்ளே நின்ற கரண்டை இறக்கிவிட்டு, கெப்பாசிட்டரை வெட்டி எடுத்தேன். இடது கை பாக்கெட்டில்தான் இருந்தது. பச்சை வயரை மாட்டி, பாய் தேடிப் பிடித்த கோயில் எர்த்தில் சேர்த்தேன். டெஸ்ட் விளக்கை மறுபடி வைத்துப் பார்த்தோம், எரியவில்லை. பாய் ஒருமுறை பார்த்தார், நான் மூன்று முறை பார்த்தேன். பெட்டியைப் போட்டேன். உறுமல் வந்துவிட்டது. அந்த எர்த்திலேயே திருவிழா சீரியல் லைட் அத்தனையும் சேர்ந்திருந்தது, டீச்சர் வீட்டில் கேட்டதைவிடக் கனமாக உறுமியது. நான் டீச்சரிடம் "இது போகாது டீச்சர், இன்னைக்குப் போகவும் கூடாது" என்றேன்.

டீச்சருக்கு அதுவரை, பெட்டியில் ஏதோ கரண்டு கசிந்தது என்ற அளவில்தான் தெரியும். ஒரு நிமிடம் கண்ணை மூடி உறுமலையே கேட்டார். பிறகு கிட்டாரின் முடுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருக ஆரம்பித்தார். உறுமல் எந்தச் சுருதியில் இருந்ததோ அந்தச் சுருதிக்கே ஆறு தந்தியையும் இறக்கிக் கொண்டுவந்துவிட்டார். பாடகர் குழுப் பெண்களுக்கு ஒருமுறை முனகிக் காட்டினார். நாலு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பாழாய்ப்போன உறுமல் அடியில் விரிந்து நிற்க, அதன் மேல் டீச்சரின் குரல் ஏறி நின்றது. உதடு மைக்கில் பட்டபோதெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்த முகமாக இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

பாட்டு முடிந்ததும் கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து டீச்சரிடம் சொன்னார்: "பாட்டு நல்லாருந்துச்சு தாயி. பின்னால சுருதிப் பெட்டி புடிச்ச ஆளத்தான் கண்ணுல காணல, கடைசி வரைக்கும் கையெடுக்காம புடிச்சாரு."

பதினேழு

சப்பரம் கிளம்பியதும் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கெப்பாசிட்டரைப் பார்த்தும் விட்டதை, எர்த்தைக் கழற்றியதை, கழற்றிவிட்டு அவர் கையாலேயே இரண்டு கிளாஸ் டீ குடித்ததை. உள்ளங்கையில் அந்தப் பழுப்புச் சாமானையும் வைத்துக் காட்டினேன். சுண்டு விரல் நகம் அளவுதான். டீச்சர் அதைத் தொடவில்லை. உதட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது. நான்தான் மறுபடி ஆரம்பித்தேன்: "ரெண்டே காலுலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கேன் டீச்சர். ஒரு தடவ எடுத்திருந்தீங்கன்னா..."

அவர் கைப்பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தார். பதினேழு மிஸ்டு கால், பதினேழும் என் பெயரில். போன் மணி அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சைலண்டில்கூடப் போடவில்லை.

"பாத்தேண்ணே. ஒவ்வொரு தடவயும் பாத்தேன். பெட்டி பாடுதான்னு கேக்கத்தான் கூப்புடுறீங்கன்னு நெனச்சு எடுக்கல."

அடுத்த வாரமே டீச்சர் வீட்டில் தனிக் குழி வெட்டி எர்த் இழுத்தாகிவிட்டது. கருப்பையாவும் ஒன்பது பெட்டியையும் கொண்டுவந்து மூன்றாவது முள் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் இருபத்தெட்டு வருடமாக வேண்டாத இடத்திலெல்லாம் பயந்துவிட்டு, பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் நிம்மதியாக இரண்டாவது கிளாஸ் டீ கேட்டு வாங்கிக் குடித்தவன் நான் என்பதுதான் இத்தனைக்கும் சுருக்கம்.